டீ வந்ததும் வந்த நெட்

1. ஹால் வரைக்கும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கவில்லை. செருப்பை எங்கே கழற்றிவிட வேண்டும் என்றுதான் முதலில் சொல்லித் தந்தார்கள்.

"கஸ்டமர் வீட்டு வாசல்லயே செருப்ப விட்டுரணும். கம்ப்யூட்டர் ஹால்ல இருக்கும். பாக்கணும், சரி பண்ணணும், சர்வீஸ் கார்டுல கையெழுத்து வாங்கணும், வந்துக்கிட்டே இருக்கணும். ஹாலத் தாண்டி ஒரு அடி உள்ள வைக்கக் கூடாது. புரியுதாம்மா?"

சொன்னவர் எங்கள் முதலாளி தனசேகரன் சார். திண்டுக்கல் பழனி ரோட்டில், ஒரு பூட்டுக் கடைக்கு மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்டு சர்வீஸ். தொண்ணூறுகளின் பின்பாதி அது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருந்த என்னை பில் போடத்தான் எடுத்தார்கள். சர்வீஸில் இருந்தவர்களில் ஒருவர் திடீரென்று வேலையை விட்டுப் போனதும், "ரீட்டா, நீதான் போயிட்டு வாயேன்" என்று சார் டூல்ஸ் பையை என்னிடம் நீட்டினார். பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பை என் தோளில்தான் கிடந்தது.

ஹால் சட்டத்துக்கு அன்றைக்கு அர்த்தம் இருந்தது. வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிற நேரத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் பையோடு உள்ளே வருகிறார். அவர் எது வரை வரலாம் என்பதற்கு ஒரு கோடு வேண்டும். பெண்ணாக இருந்தாலும் எனக்கும் அதே கோடுதான் என்று சார் சொல்லிவிட்டார்.

கோட்டைத் தாண்ட வேண்டிய அவசியமும் வரவில்லை. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படிதான் இருக்கும். மானிட்டருக்கு லேஸ் வைத்துத் தைத்த துணி உறை. அதன் மேல் சிலர் வீட்டில் சந்தனம், குங்குமம். எங்களைப் போன்ற வேதக்காரர்கள் வீட்டில் சின்ன சிலுவை. பழுது எப்போதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். ராம் கார்டைக் கழற்றி, பள்ளிக்கூடத்து ரப்பரால் அதன் தங்க நிறப் பல்வரிசையைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி கம்ப்ளெயின்ட் முடிந்துவிடும். மிச்சப் பாதிக்கு மவுஸ் உருண்டையில் ஒட்டிய அழுக்கைச் சுரண்ட வேண்டும். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் பல்லி செத்துக் கிடந்த நாட்களும் உண்டு. எதுவானாலும் ஹாலில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பழுது அங்கே நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவு மரியாதையான பழுதுகள்.

2. காற்றுக்குள் பழுது

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிராட்பேண்ட் வந்தது. அதன் பின்னாலேயே, ஆன்டெனா நீட்டிய வைஃபை மோடம் வந்தது. ஒயர் இல்லாமல் நெட் என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது, எங்கள் சர்வீஸ் டேபிளைத் தவிர. இருக்கிற ஒயர் அறுந்தால் கண்டுபிடிக்கலாம். இல்லாத ஒயர் அறுந்தால் எங்கே போய்த் தேடுவது?

முதல் பாடம் பேகம்பூரில் ஒரு பாய் வீட்டில் கிடைத்தது.

"நெட்டு நல்லாத்தாம்மா ஓடுது. போன் வந்தா மௌத்தாப் போயிருது" என்றார் பாய். நெட் செத்துவிடுகிறதாம்.

போன் லைனில்தான் கோளாறு என்று நினைத்து போனையும் நெட்டையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரை இரண்டு தடவை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். மூன்றாவது தடவை நான் இருக்கும்போதே போன் அடித்தது. பாயின் மனைவி கார்ட்லெஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹாலில் நடந்து நடந்து பேசினார். அவர் மோடத்துக்குப் பக்கத்தில் வந்தால் நெட் போகும். ஜன்னல் பக்கம் போனால் நெட் வரும். துபாயிலிருந்து மகன் கொண்டுவந்த போன் அது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது. மோடத்தின் அடியிலும் அதே 2.4.

ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார். மோடத்தில் சேனல் என்று ஒன்று உண்டு. அதே அலைவரிசைக்குள் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவது மாதிரி. அதை மாற்றினேன், சரியாகிவிட்டது. கடைக்கு வந்து இதை ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன். அதிலிருந்து சார் புதுச் சட்டம் போட்டார். வைஃபை கம்ப்ளெயின்ட் என்று யார் போன் செய்தாலும் முதலில், "வீட்ல கார்ட்லெஸ் போன் இருக்கா?" என்று கேட்க வேண்டும்.

3. மூன்று விசிட், ஒரே கம்ப்ளெயின்ட்

கயல்விழி என்று ஒரு பெண், அவள் வீட்டில் கார்ட்லெஸ் போன் இல்லை. கம்ப்ளெயின்ட் எழுதியபோதே கேட்டாயிற்று.

தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் ஒரு காலனியில் வாடகை வீடு. எங்கள் கடையிலிருந்து ஏற்கெனவே மூன்று தடவை ஆள் போய் வந்திருந்தார்கள். மூன்று சர்வீஸ் கார்டையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் "செக்டு, ஓகே" என்று மட்டும் இருந்தது. மூன்றாவது ஜான்சன் அண்ணன் போனது. அவர் கொஞ்சம் நேர்மையான மனுஷன். "போனபோது நெட் இல்லை. டீ கொடுத்தார்கள். நெட் வந்துவிட்டது. ஓகே" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். விடை அதிலேயே இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

நான்காவது தடவை கயல் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன்.

"அக்கா, ரெண்டு வார்னிங் வந்துருச்சுக்கா. இன்னும் ஒரு ஃபைல் பாதியில நின்னா கம்பெனி ஐடிய கேன்சல் பண்ணிருவாங்க. கல்யாணமாகி மூணு வருசம் வீட்ல சும்மாவே இருந்துட்டு, இப்பத்தான் எம் பேருல ஒரு வேலைன்னு வந்துச்சு. யாராவது தெரிஞ்சவங்களா அனுப்புங்கக்கா."

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு வேலை அப்போது நம் பக்கம் பரவியிருந்தது. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வார். இங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் செய்ய வேண்டும். காலுக்கடியில் தையல் மெஷின் மாதிரி ஒரு பெடல் இருக்கும். அதை அமுக்கினால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும். கயலின் கம்பெனியில் நெட்டிலேயே நேராக டைப் செய்ய வேண்டும். நடுவில் நெட் அறுந்தால் டைப் செய்தது போய்விடும், ஃபைலும் வேறு ஆளுக்குப் போய்விடும். தினமும் காலை பதினொரு மணி வாக்கிலும் மதியம் நாலு மணி வாக்கிலும் தவறாமல் அறுகிறது என்றாள்.

நானே போனேன். பதினொன்றரை மணிக்குச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஹாலுக்குள் நுழைந்தேன்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹாலில் சுவரோரமாக ஷோகேஸ். அதில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் மோடம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. ஹாலிலிருந்து படி ஏறினால் மாடியில் ஓர் அறை. காலையில் கயல் லேப்டாப்பை அங்கே வைத்து வேலை செய்வாள். மத்தியானம் நம் ஊர் வெயிலுக்கு அந்த அறை வெந்துவிடும், லேப்டாப்பைக் கீழே தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால்தான் வைஃபை. ஒயரைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அலைய முடியாது.

வீட்டில் கயலின் மாமியார் பொன்னாத்தா இருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். மூட்டுவலி அதிகமானதால் இரண்டு வருஷமாக மகன் வீட்டோடு இருந்தார்.

"வாங்க கண்ணு. இந்த வெயில்ல வந்தீங்களா? உக்காருங்க, டீ கொண்டாறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குள் போனார்.

நான் என் லேப்டாப்பைத் திறந்து பிங் போட்டேன். பிங் என்பது மோடத்தைப் பார்த்து "இருக்கியா, இருக்கியா" என்று நொடிக்கொரு தடவை கேட்டுக்கொண்டே இருக்கிற கட்டளை. இருந்தால் பதில் வரும். இல்லையென்றால் டைம் அவுட் என்று திரையில் விழும். நாலைந்து பதில் ஒழுங்காக வந்தது. அப்புறம் வரிசையாக டைம் அவுட். மேலேயிருந்து கயல், "அக்கா, போச்சுக்கா!" என்று கத்தினாள். மோடத்தை அணைத்துத் திரும்பப் போட்டேன். அது உயிர் பெற்று விளக்குகள் எரிவதற்கும் பொன்னாத்தா டீயோடு வருவதற்கும் சரியாக இருந்தது. பதில்கள் மடமடவென்று வந்தன. கார்டை எடுத்து "செக்டு" என்று எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

எழுதிக்கொண்டே இருந்ததில் டீ ஆறிவிட்டது. பொன்னாத்தா டம்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

"அடக் கண்ணு, பச்சத் தண்ணியாப் போச்சுங்களே. குடுங்க, சூடு பண்ணியாறேன்."

டம்ளரோடு உள்ளே போனார். அரை நிமிஷத்தில் டைம் அவுட்.

பேனாவைக் கீழே வைத்தேன். ஜான்சன் அண்ணனின் கார்டு கண் முன்னால் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து, ஹாலைத் தாண்டி, ஒரு கஸ்டமரின் சமையலறைக்குள் போனேன்.

4. நான் கத்தியது

ஷோகேஸ் இருந்த அதே சுவரில், அதே உயரத்தில், மோடத்துக்கு நேர் பின்னால் மைக்ரோவேவ் ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பீங்கான் கப்பில் என் டீ சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பொன்னாத்தா உட்கார்ந்திருந்தார்.

"எம் பொண்ணு கோயமுத்தூர்ல இருந்து குடுத்தனுப்புச்சுங்க. கேஸு முன்னால நிக்க முட்டி விடறதில்லைங்க. இந்தச் சூட்டுப் பொட்டின்னா உக்காந்தே செய்யலாம். எவர்சில்வர் வெக்கக் கூடாது, பீங்கானுதான் வெக்கோணும். இத மூணு வாட்டி அமுக்குனா மூணு நிமிசம். நானே கத்துக்கிட்டனுங்க."

முகத்தில் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது ஓவனின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளை. 2450 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. மோடம் வேலை செய்கிற அதே இடம். ஓவனிலிருந்து கசிகிற அலை மிகக் கொஞ்சம்தான், பக்கத்தில் இருக்கிற ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் மோடத்தின் குரல் அதைவிடச் சின்னது. மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நின்று ரகசியம் பேசினால் யார் காதில் விழும்?

எனக்கு வாய் எப்போதும் அறிவுக்கு ஒரு படி முன்னால் போகும். சமையலறையில் நின்றபடியே வீடு அதிரக் கத்தினேன்.

"கயல், வில்லன் கிடைச்சாச்சு! இந்த ஓவன்தான் எல்லாத்துக்கும் காரணம்!"

கயல் படியிறங்கி ஓடிவந்தாள். நான் அதோடு விட்டேனா? நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்தேன். "அம்மா, இப்ப அமுக்குங்க" என்றேன். பொன்னாத்தா அமுக்கினார். டைம் அவுட். "இப்ப நிறுத்துங்க." பதில் வந்தது. மூன்று தடவை அந்த அம்மா கையாலேயே அமுக்கச் செய்தேன். திரையில் ஓடுகிற ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை. ஏதோ தான் செய்த தப்பைத்தான் காட்டுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து கயலின் கணவர் செந்தில் சாப்பாட்டுக்கு வந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடையில் வேலை. விடியற்காலம் போய் மதியம் திரும்புகிற ஆள், களைப்பில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு மாசமா அவ அழுதுட்டுக் கெடக்கறா. நீ இங்க உக்காந்து பாலச் சூடு பண்ணி அவ பொழப்பக் கெடுத்துட்டு இருந்துருக்கற."

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஓவனின் மேல் போட்டார்.

காலை பதினொரு மணிக்குச் சூடான பால். நாலு மணிக்குச் சூடு பண்ணிய சுண்டலோ கொழுக்கட்டையோ. மருமகள் காலை ஆட்டிக்கொண்டு ஓயாமல் டைப் அடிக்கிறாளே என்று பொன்னாத்தா தினமும், காலையில் படியேற முடியாமல் படியேறிக்கூட, கொண்டுபோய்க் கொடுத்தது கயலுக்கு அப்போதுதான் நினைவில் வந்திருக்க வேண்டும்.

பொன்னாத்தா மகன் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எனக்கென்னங்க கண்ணு தெரியும். வேல செய்யற புள்ளைக்குச் சூடாக் குடுக்கோணும்னுதான்."

நான் தலையை ஆட்டிவிட்டுப் பையைக் கட்டினேன். கார்டில் "மைக்ரோவேவ் இன்டர்ஃபியரன்ஸ். ஓவன் ஆஃப். நெட் ஓகே" என்று எழுதி, செந்திலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கடையில் சார் என்னைப் பாராட்டி எல்லோருக்கும் வடை வாங்கிவரச் சொன்னார். ஜான்சன் அண்ணனை அன்று முழுக்க ஓட்டி எடுத்தோம். அந்த வடை எனக்கு ருசித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

5. ஆஃப் பண்ணுவது ரிப்பேர் இல்லை

பத்து நாள் கழித்துக் கயல் கடைக்கே வந்தாள். மறுபடியும் நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நெட்டு ஒரு தடவகூடப் போகலக்கா. அத்தைதான் போறாங்க."

"எங்க போறாங்க?"

"ஊருக்கு. அன்னையில இருந்து அடுப்படிக்குள்ளயே காலு வைக்கலக்கா. நானா போட்டுக் குடுத்தாத்தான் சாப்பிடுறாங்க. அதுவும் கொஞ்சூண்டு. நான் வேலைய விட்டுர்றேன் அத்தைன்னு சொன்னேன். அதுக்கும், 'வேண்டாஞ் சாமி, நா இருந்தாத்தான் உனக்கு இடைஞ்சல்'னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம பஸ்சுக்குப் போறாங்க. அங்க பூட்டுன வீடுக்கா. ஒத்தையில அந்த முட்டிய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். அந்தச் சமையலறையில் மூன்று தடவை "அமுக்குங்க அம்மா" என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. ஒரு மனுஷியின் கையால் அவர் மேலேயே குற்றத்தை நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு வடை வேறு.

கயல் போனதும் சாரிடம் சொன்னேன்.

"அது அவங்க குடும்ப விசயம்மா. நம்ம கம்ப்ளெயின்ட் முடிஞ்சிருச்சுல்ல?" என்றார்.

"முடியல சார். ஓவன ஆஃப் பண்ணச் சொல்லிட்டு வந்தது ரிப்பேரே இல்ல. ஃபேன் ஓடுனா லைட்டு எரியலன்னு ஒருத்தர் கூப்பிட்டா, ஃபேனக் கழட்டி வச்சுட்டா வருவோம்?"

சார் ஸ்டோர் பக்கம் கையைக் காட்டினார். "ஸ்டோர்ல டெலிபோன் ஒயர் ஒரு சுருள் கெடக்கு. எடுத்துட்டுப் போ" என்றார்.

6. மூன்று நிமிஷம்

சனிக்கிழமை காலையில் போனேன். ஓவனை நகர்த்த வழியில்லை. அதற்கு வேண்டிய பெரிய பிளக் பாயின்ட் வீட்டிலேயே அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. நகர வேண்டியது மோடம். போன் ஒயரை நீட்டி, ஷோகேஸின் பின்னால் விட்டு, மாடிப்படிக் கைப்பிடியோடு நூலால் கட்டி மேலே ஏற்றினேன். ஹவுஸ் ஓனர் ஆணியடிக்க விடமாட்டார். படி திரும்புகிற இடத்தில் ஜன்னல் விளிம்பில் மோடத்தை வைத்தேன். இப்போது மாடி அறைக்கும் ஹாலுக்கும் அது நேர் பார்வையில் இருந்தது. ஓவனுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு சுவர். பிறகு சேனல். அது பதினொன்றில் இருந்தது, ஓவனின் மடியில் உட்கார்ந்த மாதிரி. ஒன்றுக்கு மாற்றினேன். இதை அன்றைக்கே செய்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஓவன் ஓட வேண்டும்.

பொன்னாத்தா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஜிப் போட்ட பை. நான் அறை வாசலிலேயே நின்றேன்.

"அம்மா, ஒரு டீ வேணும்."

"கயலக் கேளுங்க கண்ணு. போட்டுக் குடுப்பா."

"கயல் கேஸ்ல போடும். எனக்கு உங்க பொட்டியில போட்டதுதான் வேணும்."

"நா அதத் தொடறதில்லீங்க. ஏனுங்க, மறுக்காவும் எங்கையால அந்தப் புள்ள வேலையக் கெடுக்கோணுங்களா?"

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இருந்தும் கேட்டேன்.

"அன்னைக்கு நான் கத்துனது தப்பும்மா. தப்பு உங்க மேலயும் இல்ல, பொட்டி மேலயும் இல்ல. மோடத்த அந்த எடத்துல வச்சதுதான் தப்பு. வச்சது எங்க கடை ஆளு. மூணு தடவ வந்தும் அத மாத்தாமப் போனோம். நாலாவது தடவ வந்து நான் உங்களக் காட்டிக் குடுத்துட்டுப் போயிட்டேன்."

அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

பின்னால் கயலின் குரல் கேட்டது. படியில் நின்றிருந்தாள்.

"அத்தை, போடுங்க. நான் இப்ப ஒரு ஃபைலத் தொறந்துட்டேன்."

"கயல், மொதல்ல நான் வெறும் பிங் போட்டுப் பாத்துக்கிறேன். வேலை ஃபைலத் தொறக்காதே" என்றேன். இரண்டு வார்னிங் வாங்கிய ஐடி. இந்த ஃபைல் அறுந்தால் வேலை போச்சு.

"சும்மா டெஸ்டுன்னா அத்தை நம்ப மாட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பெடல் சத்தம் டக், டக் என்று கேட்க ஆரம்பித்தது.

பொன்னாத்தா எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் லேப்டாப்போடு ஹாலில் உட்கார்ந்தேன். சமையலறையில் பிளக் மாட்டுகிற சத்தம். பீங்கான் சத்தம். பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாவது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூன்றாவது.

ஓவன் உறுமியது.

பதில், பதில், பதில். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. ஒன்றரை நிமிஷத்தில் ஒரே ஒரு பதில் வரத் தாமதமானது. மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வந்துவிட்டது. மேலே பெடல் நிற்கவில்லை. இரண்டு நிமிஷம். இரண்டரை. சமையலறை வாசலில் பொன்னாத்தா நிலையைப் பிடித்துக்கொண்டு, மாடிப்படியையே பார்த்தபடி நின்றார். அவருக்கு என் திரை தேவைப்படவில்லை. பெடல் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓவன் டிங் என்றது. பெடல் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிக்கலீங்களே?" என்றார் பொன்னாத்தா.

"நிக்கலம்மா."

டீ வந்தது. சர்க்கரை ரொம்ப அதிகம். சொட்டு விடாமல் குடித்தேன். மேலேயிருந்து கயல் கத்தினாள்.

"அத்தை, ஃபைல முடிச்சு அனுப்பிட்டேன்! எனக்கு எங்க?"

"அவளுக்கு டீ ஆகாதுங்க, பாலுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். பொத்தான் சத்தம் மூன்று தடவை, இந்த முறை இடைவெளியே இல்லாமல் கேட்டது. நான் தலையைக் குனிந்து கார்டு எழுதுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

பிறகு அந்த வேலையில் எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். பக்கத்து வீட்டு மோடம், ஒயர்லெஸ் கேமரா, பிள்ளைத் தொட்டிலுக்கு மேலே மாட்டிய ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று வைஃபையைக் கெடுத்தவை ஏராளம். எல்லாவற்றையும் தேடி ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹாலைத் தாண்டிப் போங்கள், பழுது உள்ளேதான் இருக்கும். ஆனால் உள்ளே போனபிறகு ஹாலில் பேசுகிற மாதிரிப் பேசாதீர்கள். காரணம் தெரிந்ததும் வாயைத் திறக்காமல், சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டேன். அது ஒரு வீட்டைப் பத்து நாள் வாட்டியது.

அந்தச் சனிக்கிழமை கடைக்குத் திரும்பியதும் கார்டை சார் மேஜையில் வைத்தேன். திங்கட்கிழமை கயல் போன் செய்து, பையில் இருந்த சேலைகள் எல்லாம் திரும்பவும் பீரோவுக்குப் போய்விட்டன என்று சொன்னது அதற்குப் பிறகுதான். அன்று எங்களுக்கு அது தெரியாது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைப் படித்தார். "மோடம் இடம் மாற்றப்பட்டது. சேனல் 1. ஓவன் ஆன். நெட் ஓகே." கீழே, கட்டத்தை விட்டு வெளியே போன பெரிய பெரிய எழுத்துகளில், எழுத்து எழுத்தாக யோசித்துப் போட்ட ஒரு கையெழுத்து.

"கம்ப்ளெயின்ட் குடுத்தது கயல்விழின்னுல்ல இருக்கு? பொன்னாத்தா யாரும்மா?"

"கஸ்டமர் சார்" என்றேன்.